வாழையிலையில் ஒரு சட்டம்: கனவு நாட்டை ஒரு மணி நேரம் நடத்திப் பார்க்கும் முறை

சிங்கப்பூரில், தேக்கா ஈரச்சந்தையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு காய்கறிக்கடை உண்டு. 1982இல் இப்போதிருக்கும் கட்டடம் வந்தபோது அப்பா கடையை அதற்குள் மாற்றினார். முருங்கைக்காய்க்கும் வாழையிலைக்கும் நடுவில் வளர்ந்தவள் நான். இப்போது தம்பி கடையைப் பார்க்கிறான். காலை வேளையில் நான் கூடமாட நிற்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யீஷூனில் எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் எட்டுப் பேரை உட்கார வைத்து ஒரு நிகழ்வு செய்கிறேன். வந்தவர்கள் ஒவ்வொருவரும் தாங்கள் வாழ விரும்பும் நாட்டுக்கு ஒரே ஒரு சட்டம் எழுதுவார்கள், வாழையிலையின் அடிப்பக்கத்தில். பிறகு அந்த இலையைத் திருப்பிப் போட்டு அதிலேயே சாப்பிடுவார்கள்.

இதை நாங்களும் செய்யலாமா, எப்படிச் செய்வது என்று இளையவர்கள் சிலர் கேட்டார்கள். தாராளமாகச் செய்யலாம். எனக்குத் தெரிந்ததை, கைப்பட்டுக் கற்றதை, இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர். பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட்டுக்குத் தமிழில் நிலைத்த சொல் இன்னும் அமையவில்லை. நிகழ்த்துகலை என்றால் கூத்து, நாடகம், பரதம் எல்லாம் அதில் வந்துவிடும். இது வேறு. நாடகத்தில் ஒருவர் பசித்தவராக நடிப்பார். இங்கே அவர் உண்மையிலேயே பசியோடு உட்கார்ந்திருப்பார். செய்கிறவரின் உடம்பு, வந்தவரின் உடம்பு, இருவருக்கும் நடுவில் ஓடும் நேரம், இந்த மூன்றும்தான் கருவி. நான் ‘நிகழ்வு’ என்று சொல்லிப் பழகிவிட்டேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

சிங்கப்பூரில் இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. தொடங்குவதற்கு முன் அதைக் கொஞ்சமாவது தெரிந்துகொள்ளுங்கள். 1988இல் டாங் டா வூ, செம்பவாங் பக்கம் லோரோங் கம்பாஸில், ஒரு பழைய கோழிப்பண்ணையில் ‘ஆர்ட்டிஸ்ட்ஸ் வில்லேஜ்’ என்ற கலைஞர் கூட்டத்தைத் தொடங்கினார். இரண்டே ஆண்டில் அந்த இடம் போய்விட்டது, ஆனால் அங்கே கூடியவர்கள் நிற்கவில்லை. அவர்களில் ஒருவரான அமாண்டா ஹெங், 1996இல் பார்வையாளர்களோடு ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தவ்கே எனும் முளைப்பயற்றின் வால் கிள்ளிக்கொண்டே பேசினார். நிகழ்வு அவ்வளவுதான். எங்கள் அம்மாவும் பக்கத்துக் கடைச் சீன அம்மாவும் தினமும் மத்தியானம் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு மொழி, நடுவில் ஒரு மூங்கில் தட்டு. அந்த நிகழ்வைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகுதான் அம்மாவின் அந்த மத்தியானங்களை நான் திரும்பிப் பார்த்தேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1993 முடிந்து புத்தாண்டு பிறந்த இரவில், பார்க்வே பரேட் கடைத்தொகுதியில் நடந்த ஒரு கலை நிகழ்ச்சியில் ஜோசப் இங் செய்த நிகழ்வு பெரிய சர்ச்சையானது. அதன்பின் எழுத்துப் பிரதி இல்லாத இந்த வகைக் கலைக்கும், பார்வையாளர்களும் உள்ளே வந்து கதையை மாற்றும் ஃபோரம் தியேட்டருக்கும் அரசு நிதி சுமார் பத்து ஆண்டு, 2003 வரை, நிறுத்தப்பட்டது. அந்தக் காலத்தின் நடுவில், 1998இல், ஆர்மீனியன் தெருவில் இருந்த சப்ஸ்டேஷன் என்ற கலை மையத்தில்தான் நான் முதல் நிகழ்வைப் பார்த்தேன். யாருக்கும் பைசா கிடைக்காது. ஆனாலும் வந்தார்கள், செய்தார்கள், தரையைத் துடைத்துவிட்டுப் போனார்கள். உங்களுக்கு இன்று மானியம் கிடைக்காவிட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

கனவு நாடு என்றதும் எல்லாருக்கும் பேச வரும். எனக்கும் வந்தது. 2011இல் ஓர் அரங்கில், கையில் தாள் இல்லாமல், இருபது நிமிடம் பேசினேன். சமத்துவம், உழைப்பு, நிலம், மொழி எல்லாம் அதில் இருந்தது. கைதட்டினார்கள். வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது, முன்வரிசையில் இருந்த ஓர் ஐயா சுத்தம் செய்ய வந்த அம்மாவிடம் கையை நீட்டிக் காலிக் கோப்பையைக் கொடுத்தார். அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஐயா கெட்டவர் இல்லை. நான் அவருக்குக் காதில் வேலை கொடுத்தேனே தவிர கையில் எதுவும் கொடுக்கவில்லை. அன்றோடு மேடையில் அறிவிப்பதை விட்டேன்.

அதனால் முதல் படி இது. உங்கள் கனவு நாட்டைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் ஒரு நோட்டில் எழுதுங்கள், பத்துப் பக்கம் போனாலும் போகட்டும். பிறகு அதிலிருந்து, ஓர் அறைக்குள், ஒரு மணி நேரத்துக்கு, உண்மையாகவே நடத்தக்கூடிய ஒரே ஒரு விதியை மட்டும் எடுங்கள். வடலூரில் வள்ளலார் 1867இல் தருமச்சாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. பசியே இல்லாத உலகம் அவர் கனவு; அதற்காக அவர் கையால் வைத்தது ஓர் அடுப்பு. பிரான்சிஸ் அலீஸ் என்ற கலைஞர் 2002இல் பெரு நாட்டில், லிமா நகருக்கு வெளியே, 500 பேரை மண்வெட்டியோடு வரிசையாக நிற்க வைத்து ஒரு மணற்குன்றை நகர்த்தினார். நகர்ந்தது சில அங்குலம்தான், ஆனால் நகர்த்தினார்கள். நியூயார்க்கில் மியர்ல் லேடர்மன் யூக்கலிஸ் 1979இலும் 1980இலும் அந்த நகரத்தின் துப்புரவுப் பணியாளர்கள் 8,500 பேரைத் தேடிப் போய், ஒவ்வொருவர் கையையும் குலுக்கி நன்றி சொன்னார். இவர்கள் எல்லாரும் பெரிய கனவைக் கையில் அடங்கும் அளவுக்குக் கொண்டுவந்தவர்கள்.

நான் எடுத்த விதி: ‘இந்த மேசையில் யாரும் தனக்குத் தானே பரிமாறிக்கொள்ளக் கூடாது.’ வேண்டியதைப் பக்கத்தில் இருப்பவர்தான் போட வேண்டும். இடப்பக்கம் இருப்பவரின் இலை உங்கள் பொறுப்பு. உங்கள் இலை வலப்பக்கம் இருப்பவரின் பொறுப்பு. உங்கள் விதி வேறாக இருக்கட்டும். ஆனால் அதைக் கேட்டதும் ஒரு சிறு பிள்ளைக்குப் புரிய வேண்டும், மீறினால் எல்லார் கண்ணிலும் பட வேண்டும். ‘எல்லாரும் அன்பாக இருக்க வேண்டும்’ என்று வைத்தால் யார் மீறினார், யார் மீறவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி இலை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிகழ்வின் அரசியல் முழுக்க இலையின் மடிப்பில்தான் இருக்கிறது.

எட்டுப் பேருக்கு எட்டு நுனி இலை வேண்டும். ஒரு முழு இலையிலிருந்து ஒரே ஒரு நுனிதான் கிடைக்கும். அதனால் முதல் நாளே கடையில் சொல்லி வையுங்கள். எங்களுக்கு ஜொகூரிலிருந்து விடியுமுன் வருகிறது. அன்று வந்ததையே எடுங்கள். இலையைத் தீயில் வாட்டாதீர்கள். பொட்டலம் கட்டுகிறவர்கள் இலை துவளட்டும் என்று வாட்டுவார்கள். நமக்கு அது ஆகாது. இலையின் அடிப்பக்கத்தில் வெண்மையாக மாவு பூசியதுபோல ஒரு மெழுகுப் படலம் இருக்கிறது அல்லவா? எழுத்து நிற்பது அதில்தான். சூடு காட்டினால் அது உருகி இலை பளபளவென்று ஆகிவிடும். அப்புறம் எதை வைத்துக் கீறினாலும் தெரியாது. அதே காரணத்துக்காக அடிப்பக்கத்தை அழுத்தித் துடைக்கவும் கூடாது. தண்ணீர் தெளித்து, உதறி, நிழலில் சாய்த்து வைத்தால் போதும். மேல்பக்கத்தைச் சாப்பிடும் முன் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துக்கொள்ளலாம்.

எழுத, மை தீர்ந்த பந்துமுனைப் பேனா. நான் ஈர்க்குச்சி, பல்குச்சி, வளைந்த ஆணி எல்லாம் வைத்துப் பார்த்தேன். குச்சி இலையைக் கிழிக்கிறது. பேனாவின் உருண்டை முனை மெழுகை மட்டும் ஒதுக்கிவிட்டு, அடியில் இருக்கும் கரும்பச்சையைக் காட்டுகிறது. எழுதிய கணத்தில் ஈரமான பச்சைக் கோடு தெரியும், நேரம் போகப் போக அது பழுப்பேறும். வாழை இலையின் நரம்புகள் நடுத்தண்டிலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும். அந்த நரம்பின் வாக்கில் நீட்டி ஒரு கோடு போட்டால் இலை பிளக்கும். நம் எழுத்தின் சுழி, வளைவு, கொம்பு எல்லாம் இதில் தாராளமாக உட்காரும். சீனத்தில் எழுதுகிறவர்கள் சற்று மெதுவாக எழுத வேண்டியிருக்கும். புள்ளிதான் ஆபத்து. ஓலைச்சுவடி எழுதியவர்கள் ஓலையில் ஓட்டை விழும் என்று புள்ளியையே விட்டுவிட்டார்கள். இங்கேயும் புள்ளியைக் குத்தாதீர்கள், தொட்டு எடுங்கள். ஒரு முறை பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி ‘தேர்வு இருக்கட்டும், மதிப்பெண் வேண்டாம்’ என்று எழுதியபோது, ஒவ்வொரு புள்ளிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவள் அம்மாவும் சேர்ந்து மூச்சைப் பிடித்தார். ஒரு சட்டத்தை இத்தனை கவனமாக எழுதி நான் பார்த்ததில்லை.

எந்தப் பாதியில் எழுதுவது என்பதுதான் முக்கியம். இலையை அடிப்பக்கம் மேலே தெரியும்படி, நுனி இடப்பக்கம் இருக்கும்படி, உங்கள் முன் குறுக்காக வையுங்கள். நடுத்தண்டுக்கு இந்தப்பக்கம், உங்கள் வயிற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் பாதியில் எழுதுங்கள். எழுதி முடித்ததும், நுனி இடப்பக்கமே இருக்கும்படி, தண்டை அச்சாக வைத்துத் திருப்பிப் போடுங்கள். இப்போது எழுதிய பாதி உங்களுக்கு எதிர்ப்பக்கம் போய், மேசையைப் பார்த்துக்கொண்டு, சோற்றுக்கு அடியில் இருக்கும். யாருக்கும் தெரியாது.

சாப்பிட்டு முடித்ததும் இலையை மூட வேண்டும். எங்கள் வீட்டு வழக்கத்தில் கல்யாணம், காதுகுத்து போன்ற நல்ல காரியம் என்றால் எதிர்ப்பாதியைத் தன் பக்கம் மடிப்பார்கள். துக்க வீடு என்றால் தன் பக்கத்துப் பாதியை எதிர்ப்பக்கம் தள்ளி மூடுவார்கள். இந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். ‘என் சட்டம் என் ஆயுளுக்குள் நடக்கும்’ என்று நம்புகிறவர் தன் பக்கம் மடிக்கலாம். அப்போது எதிர்ப்பாதி புரண்டு வந்து, எழுத்து நேராக அவர் கண்ணெதிரே தெரியும். நம்பாதவர் எதிர்ப்பக்கம் மடிக்கலாம். அப்போது அவருடைய சட்டம் இலைக்கு அடியிலேயே தங்கிவிடும். ஒரு வார்த்தை பேசாமல் எட்டுப் பேரும் தங்கள் நாட்டின் எதிர்காலத்தைப் பற்றி வாக்களித்துவிடுவார்கள்.

பாதியை மாற்றி எழுதினால் எல்லாம் தலைகீழாகும். முதல் தடவை எனக்கு அதுதான் நடந்தது. நம்பி மடித்தவர்களின் எழுத்து அடியில் போய் மறைந்தது. நம்பாமல் மடித்தவர்களின் எழுத்து மேலே வந்து நின்றது. ஒரு முதியவர் எதிர்ப்பக்கம் மடித்துவிட்டுத் தன் சட்டம் தன்னையே பார்ப்பதைக் கண்டு கண் கலங்கினார். அவருக்கு அது பெரிய அர்த்தமாகப் பட்டது. நான் தவறை உடனே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நீங்களும் தவறு நடந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள். தற்செயலைத் திட்டம் என்று காட்டாதீர்கள். அதனால் முதல் நாள் இரவே ஓர் இலையை எடுத்து, எழுதி, திருப்பி, மடித்துப் பாருங்கள். நடுத்தண்டு தடிப்பாக இருந்தால் அதன் முதுகைக் கத்தியால் லேசாகச் சீவி விடுங்கள், மடிப்பு விழும்.

அடுத்து இடமும் அனுமதியும். இது சலிப்பான வேலைதான், ஆனாலும் தாண்டிப் போகாதீர்கள். தெரிந்தவர்களை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுவது ஒன்று. பொதுமக்கள் வரலாம் என்று அறிவித்துச் செய்வது வேறொன்று. பொதுவில் நிகழ்த்தும் கலைக்குத் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் வேண்டியிருக்கும். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் செய்ய வேண்டுமென்றால் நகர மன்றத்திடம் இடம் கேட்க வேண்டும். ஒரு கோரிக்கையை முன்வைத்துப் பொது இடத்தில் நின்றால், 2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டப்படி, ஒரே ஒருவர் நின்றாலும் அது கூட்டம்தான். காவல்துறை அனுமதி வேண்டும். ஹொங் லிம் பூங்காவில் 2000ஆம் ஆண்டு திறந்த ஸ்பீக்கர்ஸ் கார்னரில் மட்டும் குடிமக்கள் தேசியப் பூங்காக் கழகத்திடம் பதிவு செய்துவிட்டுப் பேசலாம், ஆர்ப்பாட்டம் நடத்தலாம். அங்கேயும் மதத்தைத் தொடக் கூடாது, இனங்களுக்குள் பகை மூட்டக் கூடாது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர் ஒருவர் இதன் எல்லை எங்கே இருக்கிறது என்று தன் உடம்பாலேயே காட்டினார். கலைஞர் சீலன் பலே (Seelan Palay) 2017 அக்டோபர் 1ஆம் தேதி, ஹொங் லிம் பூங்காவில் தொடங்கி, கையில் ஒரு கண்ணாடியோடு நாடாளுமன்றக் கட்டடம் வரை நடந்தார். விசாரணையின்றி நீண்ட காலம் தடுத்து வைக்கப்பட்டிருந்த முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் சியா தை போவை நினைத்துச் செய்த நிகழ்வு அது. பூங்காவுக்கு அனுமதி இருந்தது, வெளியே இல்லை. கைதானார். மறு ஆண்டு நீதிமன்றம் 2,500 வெள்ளி அபராதம் விதித்தது. அவர் அதைக் கட்டாமல் இரண்டு வாரச் சிறையை ஏற்றார். அவர் தெரிந்தே எடுத்த முடிவு அது. அதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் உங்கள் நிகழ்வுக்கு வருகிறவர் அப்படி எந்த முடிவும் எடுத்துவிட்டு வரவில்லை. சாப்பிட வருகிறார். அவரைச் சிக்கலில் மாட்டிவிடும் உரிமை நமக்குக் கிடையாது.

இதை எதற்கு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் மேசையில் எப்போதும் இரண்டு இடம் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு. தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வரும் தம்பிகள்தான். அவர்கள் இல்லாமல் இந்த நாட்டைப் பற்றிக் கனவு காண்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நாம் குடியிருக்கும் புளோக்குகளை எழுப்பியவர்கள் அவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு இருக்கும் பயம் நமக்கு இல்லை. ஹொங் லிம் பூங்காவில் நடக்கும் ஆர்ப்பாட்டத்தில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும்தான் கலந்துகொள்ளலாம். அதனால் எங்கள் வீட்டில் படம் எடுப்பதில்லை. கைப்பேசிகளை ஒரு கூடையில் போட்டுச் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவோம். இலையில் யாரும் பெயர் எழுதக் கூடாது. அழைக்கும்போதே, ‘சட்டம்னா சும்மா ஒரு ஆசைதான் தம்பி, நாட்டுல எப்படி இருந்தா நல்லா இருக்கும்னு தோணுதோ அது. எழுத வேண்டாம்னு தோணுச்சுன்னா வெறும் இலையைத் திருப்பிப் போட்டுக்கலாம்’ என்று சொல்லிவிடுவேன். வெறும் இலையையும் மற்ற இலைபோலத்தான் நடத்த வேண்டும்.

மற்ற ஆறு பேரை ஒரே ரகமாகச் சேர்க்காதீர்கள். நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்தால் ஒரே கட்சிக் கூட்டம் மாதிரி ஆகிவிடும். எங்கள் மாடியில் இருக்கும் மலாய் அக்கா, ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர், மேல்நிலைப் பள்ளிப் பிள்ளை ஒன்று, சட்டம் படிக்கும் ஒருவர், இப்படி. சாப்பாடு சைவமாக இருக்கட்டும். முஸ்லிம்கள் வருவதாக இருந்தால் ஹலால் சான்றிதழ் உள்ள கடையிலேயே வாங்குங்கள். சாதம், பருப்பு, ஒரு கூட்டு, ஒரு பொரியல், அப்பளம், மோர் போதும். விருந்து பெரிதானால் கவனம் விருந்தில் போய்விடும்.

நேரம் வந்ததும் நடத்தும் முறை. மேசையின் இரு பக்கமும் நான்கு நான்கு பேர். முதல் பத்து நிமிடம் எழுத. அடுத்தவர் இலையை எட்டிப் பார்க்கக் கூடாது என்று மட்டும் சொல்லுங்கள். எழுதியதும் திருப்பிப் போட்டு, துடைத்து, பாத்திரங்களை நடுவில் வைத்து, விதியை ஒரே முறை சொல்லுங்கள். அதன்பிறகு, மடிப்பைப் பற்றிச் சொல்லும் நேரம் தவிர, நீங்கள் பேசக் கூடாது. நான் வெறுங்காலோடு சுவரோரம் நிற்பேன். சாப்பிட மாட்டேன், பரிமாறவும் மாட்டேன். ஒரு தமிழ் வீட்டில் இதுதான் மிகக் கஷ்டமான காரியம். விருந்தாளியின் இலை காலியாக இருக்கும்போது கை தானாகக் கரண்டியைத் தேடும். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

காலி இலையை மற்றவர்கள் எப்போது கவனிக்கிறார்கள் என்பதுதான் நிகழ்வு. போன ஆண்டு பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்திருந்தார், கட்டுமான வேலை. அவர் இலைக்குப் பொறுப்பு, அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்த, சட்டம் படிக்கும் பெண். நல்ல பெண். எதிரில் இருந்த ஓய்வுபெற்ற ஐயாவோடு வீட்டு விலையைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தாள். தம்பி முதல் சாதத்தை முடித்துவிட்டு, விரல் நுனியால் ஒரு பருக்கையை இலையில் இங்கேயும் அங்கேயும் நகர்த்திக்கொண்டிருந்தார். கேட்கலாம், விதியில் தடையில்லை. ஆனால் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம், ஐந்து, ஆறு. எதிரில் மலாய் அக்கா பார்த்துவிட்டார், அவர் கை எழுந்தது. தன் பொறுப்பு இல்லை என்று நினைவு வந்து தயங்கியது. பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் சாய்ந்து, ஒன்றும் சொல்லாமல், கண்ணால் மட்டும் காட்டினார். பெண் திரும்பினாள். அவள் காது சிவந்ததை நான் பார்த்தேன். இரண்டு கையாலும் பாத்திரத்தைத் தூக்கிச் சாதம் போட்டாள். அதற்குப் பிறகு வீட்டு விலைப் பேச்சு தொடரவில்லை. அவள் அவரிடம், பருப்பா, மோரா என்று கேட்டாள். ஊர் எது என்று கேட்டாள். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்று கேட்டாள்.

இப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் குறுக்கே போகாதீர்கள். ‘பாருங்கள், இதுதான் நம் சமூகம்’ என்று விளக்கம் சொல்லாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்துவிட்டது. எல்லார் முன்னாலும் சொன்னால் அவளுக்கு அவமானம் மட்டும்தான் மிஞ்சும்.

ஏறக்குறைய நாற்பது நிமிடத்தில் சாப்பாடு முடியும். நான் ஒரு வெண்கல மணியை ஒரு முறை தட்டுவேன். அதுதான் மடிக்கும் நேரம். மடிப்பின் அர்த்தத்தை அப்போதுதான் சொல்ல வேண்டும், முன்பே சொன்னால் சாப்பிடும்போதே கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். இரண்டு வாக்கியம் போதும்: நடக்கும் என்றால் உங்கள் பக்கம், நடக்காது என்றால் எதிர்ப்பக்கம். அவசரப்படுத்தாதீர்கள். சிலர் சட்டென்று மடிப்பார்கள். சிலர் இலையின் ஓரத்தைப் பிடித்தபடியே இருப்பார்கள்.

அன்று பட்டுக்கோட்டைத் தம்பிதான் கடைசி. மற்ற ஏழு இலையும் மூடியாயிற்று. ஐந்து தன் பக்கம், இரண்டு எதிர்ப்பக்கம். அவர் எதிர்ப்பாதியைப் பாதி தூக்கினார். தூக்கியதில் எழுத்தின் முதல் சொல் எனக்குத் தெரிந்தது. ‘லாரியில்’ என்று இருந்தது. மீதியைப் படிக்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. லாரியின் பின்புறத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போகும் தம்பிகளை இங்கே தினமும் பார்க்கிறோம். அப்படியே கீழே விட்டுவிட்டார். என்னைப் பார்த்து, “அக்கா, ரெண்டு பக்கமும் மடிக்காம விட்டா?” என்றார்.

அதற்கு என்னிடம் விதி இல்லை. பந்தியில் இலையைத் திறந்து வைத்திருந்தால், இவர் இன்னும் சாப்பிடுகிறார் என்றுதான் பரிமாறுகிறவர் எடுத்துக்கொள்வார். அடுத்த வரிசைக்கு அந்த இடத்தைக் கேட்க முடியாது. நான் பேசக் கூடாத நேரம் அது. தலையை மட்டும் ஆட்டினேன். சட்டம் படிக்கும் பெண் நடுவில் இருந்த பாத்திரத்தைப் பார்த்தாள், அதில் சாதம் இல்லை. எழுந்து சமையலறைக்குள் போனாள். எனக்கென்று எடுத்து வைத்திருந்த சோற்றைக் கொண்டுவந்து அவர் இலையில் போட்டாள். அவர் சாப்பிட்டார். நாங்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். இருட்டிவிட்டது.

அதனால் இப்போது மணி தட்டிய பிறகு மூன்றாவதாக ஒன்றையும் சொல்கிறேன்: மடிக்காமலும் விடலாம். அப்படி ஒருவர் விட்டால், ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது என்று நிகழ்வை முடிக்காதீர்கள். அவர் எழுந்திருக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. நேரம் நீளலாம் என்பதை மட்டும் விருந்தாளிகளுக்கு அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள், கடைசி எம்ஆர்டி ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் கணக்குப் பார்த்து வரட்டும்.

முடிந்த பிறகு இலைகளைச் சேர்த்துக் கட்டி எங்கள் புளோக்குக்குப் பின்னால் இருக்கும் சமூகத் தோட்டத்தின் மட்குத் தொட்டியில் போடுகிறேன், அங்கே கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறேன். சட்டங்களை ஒரு நோட்டில் தேதி மட்டும் போட்டு எழுதி வைக்கிறேன். எதிர்ப்பக்கம் மடித்ததை எழுதுவதில்லை, அதை அவர் காட்ட விரும்பவில்லை. வெறும் இலை வந்திருந்தால் ஒரு வரியை வெறுமையாக விடுகிறேன்.

சாதம் எட்டுப் பேருக்கு என்றால் பத்துப் பேருக்கு வடியுங்கள். மிச்சத்தை மேசையில் வைக்க வேண்டாம், அடுப்பின் மேல் மூடி போட்டு வைத்திருங்கள்.